நான்காவது பாட்டில் பதினோரு நொடி

மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இறங்கும் இடத்தில்
லாசர் அண்ணனின் சவப்பெட்டிக் கடை.
பெயர் அப்படித்தான். நாங்கள் வைத்ததல்ல.
அதன் மாடியில் முட்டை அட்டை ஒட்டி
ஏழு மாதம் ஓர் ஆல்பம் செய்தோம்.

வாடகை இரண்டாயிரம், நிபந்தனை ஒன்று:
கீழே ஆள் வந்தால்
மச்சுப் பலகையில் கம்பால் மூன்று தட்டுவார்.
அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்
பாதிச் சொல்லானாலும்
அலறலானாலும்.

ஷிஜின் அலறுவான்.
அதைப் பாட்டு என்றால் அவன் அம்மாவே நம்பமாட்டாள்.
பகலெல்லாம் அருமனையில் ரப்பர் ஷீட் அடித்துவிட்டு
ஆசிட் வாடையோடு வந்து
மைக்கின் கழுத்தைப் பிடித்து
'இங்கதான் கெடக்கேன்' என்ற ஒரே வரியைப்
பத்தொன்பது தடவை.
பிறகு கருப்பட்டி கடித்துச் சுக்கு வெந்நீர் குடிப்பான்
ஒன்றும் நடக்காத மாதிரி.

டிரம்ஸ் அபிஷா, நர்சிங் மூன்றாம் வருஷம்.
அவள் இரட்டைப் பெடல் மிதிக்கையில்
கீழே அடுக்கிய அயனி மூடிகள் கூடவே நடுங்கும்.
இரண்டாம் பாட்டின் கிடுகிடுப்பு
எந்தக் கருவியும் அல்ல, அந்த மூடிகள்தான்.
பேஸ் நான். என்னைப் பற்றி வேண்டாம்.

எட்டு வயலின் கேட்டோம்.
கிறிஸ்மஸுக்கு மட்டும் பெட்டி திறக்கும்
பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
நோட்டைப் பார்த்த ஹெப்சிபா டீச்சர்
'என்ன மக்களே இது,
பெரிய வெள்ளியும் கல்யாணமும்
ஒரே நாள்ல வந்த மாதிரி இருக்கு' என்றார்.
நான்கு முறை வாசிக்க வைத்து எட்டாக்கினோம்.

எங்கள் பக்கம் புதைப்பதை அடக்கம் என்போம்.
ஓர் அடக்கம் முடிந்து அப்படியே வந்தார்
பேண்டு செட்டு வின்சிலாஸ்.
நனைந்த சிவப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை.
அடங்காத எங்களுக்கு
டிராம்போனில் ஒரு நீண்ட தாழ்ந்த சுரம் தந்துவிட்டுக்
குலசேகரம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

கண்ணில் மையும் கறுப்புச் சட்டையுமாய்
அட்டைக்குப் படம் எடுக்க இறங்கினோம்.
லாசர் அண்ணன் ரம்பத்தை நிறுத்தி,
'சவம்... ஆருக்குடே துட்டி?'

ஆடி மழை. நான்காவது பாட்டு. ஏழாவது டேக்.

மூன்று தட்டு.

அபிஷா சிம்பலைக் கையால் பிடித்தாள்.
ரெக்கார்டரை யாரும் நிறுத்தவில்லை.

எவ்வளவு நீளம் என்று அண்ணன் கேட்பது கேட்டது.
பதில் இல்லை.
பலகை இடுக்கில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.
அந்த ஆள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
ரொம்ப விரிக்கவில்லை.
வாங்கிய நெய்மீனைச் சொல்வது போல என்று
முதலில் தோன்றியது எனக்கு.
அப்படித் தோன்றியதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அளவு டேப் நீண்டது.
திரும்பிச் சுருண்டது.
சர்ரக்.

எட்டாவது டேக்கில் ஷிஜினுக்கு அலறல் வரவில்லை.
வரியைப் பேசினான். பேச்சாகவே விட்டோம்.

அழி என்றாள் அபிஷா.
வை என்றான் ஷிஜின்.
டீச்சர் வயலினை உள்ளே வைத்து
இரண்டு கொளுத்தையும் போட்டார்.
லாசர் அண்ணனிடம் போய்க் கேட்டோம்.
'டேப்பு எனக்கது.
பாக்கிய அந்த ஆளுகிட்டதான் கேக்கணும்.
ஆருன்னு தெரியாது. ரொக்கம் தந்தான்.'

வைத்தோம்.

நூறு தட்டு அடித்ததில் அறுபத்திரண்டு
இன்னும் அவர் கடையில்
ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.
சென்னைக்காரன் ஒருவன் போன் பண்ணி
அந்தச் சர்ரக் எந்தக் கீபோர்டு என்று கேட்டான்.
ஷிஜின் ஏதோ ஒரு ஜப்பான் பெயரைச் சொன்னான்.

யாராவது ஆல்பத்தைப் போட்டால்
நானும் இருந்து கேட்பேன், தாளம்கூடப் போடுவேன்.
நான்காவது பாட்டில் தட்டுச் சத்தம் வருகையில்
எழுந்து வெள்ளம் குடிக்கப் போவேன்.
பதினோரு நொடிக்கு
ஒரு தம்ளர் சரியாக இருக்கும்.