இல்லாத மலையின் கொள்ளளவு

மேலூர் தாண்டி, கல்குவாரிப் பள்ளம்.
மலை எவ்வளவு காணோம் என்று
அளந்து சொல்வது என் வேலை.
கன மீட்டரில். கோர்ட்டுக்கு.
போன இடம் எனக்கே தெரியும்:
சமையல் மேடை, ஏதோ சீமையில் கல்லறைப் பலகை,
என் வீட்டு வாசற்படி.

எதிர்க் குன்றில் சமணர் படுத்த கல்.
எறும்பு சாகுமென்று
மயிற்பீலியால் வழி கூட்டி நடந்தவர்கள்
கடைசியில் சோற்றையும் விட்டார்கள்.
எதையும் எடுக்காமல் வாழ்ந்தால்
அப்படித்தான் முடியும் போல.
மதியம் நான் கோழி பிரியாணி.

நாம் வராமலே போயிருந்தால்?
படிவத்தில் இழப்புக்கு ஒன்பது கட்டம்.
ஈடாக இது என்று எழுத
ஒரு கட்டமும் இல்லை.

அளவுகோல் பிடித்திருந்த சிக்கந்தருக்கு போன் வந்தது.
கோலைப் போட்டுவிட்டுப்
பச்சைத் தண்ணீர் விளிம்பில் நின்று கத்தினான்:
"சார், பொட்டப்புள்ள!"

புள்ள, புள்ள, புள்ள என்றது பள்ளம்.
மலை இருந்திருந்தால்
இத்தனை தடவை சொல்லியிருக்காது.

வாழ்த்தா, புகாரா,
தெரியவில்லை.
கோலை நேராப் பிடிடா என்றேன்.
பிடித்தான். கை ஆடியது.
ஆழம் அறுபத்திரண்டு என்று எழுதி,
அடித்துவிட்டு,
மறுபடி அளக்கச் சொன்னேன்.