ஒன்றே முக்கால் கேன்

கொணவட்டத்தில்
லாரிக்குக் கூண்டு கட்டும் ஷெட்டுகளுக்கு நடுவே
இம்தியாஸின் கடை.
சுவர் முழுக்கக் காலிப் பெட்டிகள்.
ஸ்பீக்கருக்குத் தனி விலை, ஆம்ப்புக்குத் தனி விலை.
நான் கேட்டு வந்தது
நடுவில் இருக்கும் காற்றின் விலை.

"மூடுன பெட்டியாண்ணே, ஓட்டப் பெட்டியா?"

ஆம்னியில் எஞ்சின்
ஓட்டுகிறவன் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.
பதினோரு வருஷமாக
எல்லாப் பாட்டிலும் மேல்பாதிதான் எனக்குக் கேட்டிருக்கிறது.
கீழ்ப்பாதியை வாங்கத்தான் வந்தேன்.
அதில் இரண்டு வகை உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

ஓட்டைப் பெட்டி பெரியது, கறுப்புக் கம்பளம் போர்த்தியது.
அதன் வாய்க்கு முன்னால்
பிரியாணிக் கடை டிஷ்யூ ஒன்றைப் பிடித்தான்.
தாளம் விழ விழ
காகிதம் துள்ளியது, உள்ளே இழுபட்டது, மறுபடி துள்ளியது.
"மூச்சு உடுது பாருங்க.
இது ஒதைக்கும். அது சும்மா முட்டும், அவ்ளோதான்."

சின்னதை இறக்கச் சொல்லித் தட்டிப் பார்த்தேன்,
தர்பூசணி வாங்குகிறவனைப் போல.
செல்போன் விளக்கை உள்ளே விட்டு
ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன்.
பின்மூலையில், மயிரிழை அளவுக்கு,
வெளிச்சம்.
"பசை போதல."
இம்தியாஸ் குனிந்து பார்த்தான்.
அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.
கசிகிற கேன்களோடு
குடும்பம் நடத்துகிறவன் கண்ணுக்குத் தெரியும்.

"எத்தனை லிட்டர்?"
"எல்லாரும் இன்ச்சு கேப்பாங்க.
நீங்க என்னாண்ணே, லிட்டரு?"
சின்னது முப்பத்தைந்து. பெரியது அறுபது.
ஒன்றே முக்கால் கேன். மூன்று கேன்.

கோகிலவேணிக்குப் போன் போட்டேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை அவள்.
"மூணு கேன்னா நடைக்கு நூத்தஞ்சு.
நாளைக்கு மூணு நடை."
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.
குக்கர் மட்டும் பேசியது.

சின்னதையே எடுத்தேன்.
மூலைக்கு எம்-சீல் பிசைந்து
நானே அடைத்தேன், கட்டைவிரலால்.
ஓட்டைப் பெட்டியை மறுபடி மேலே ஏற்றும்போது
இம்தியாஸ் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்,
பெண்பார்க்க வந்தவர்கள் போய்விட்ட வீட்டில்
யாரோ செய்வது போல.

மறுநாள் காந்தி நகர் நடை.
முப்பத்தாறு ஏறும் வண்டியில் முப்பத்துநாலு.
எல்லாம் நிறைகேன்.
பெட்டி முட்டியது. அவன் சொன்னது போல
முட்டியது, அவ்வளவுதான்.
முட்டினதைத் தண்ணீர் குடித்துவிட்டது.
நிறைகுடம் தளும்பாது, சரி,
அதற்காகவா நாலாயிரத்து இருநூறு?

நாலு மாடி ஏறி இறங்கி,
டீச்சர் வீட்டில் பழைய பாக்கி கேட்டு,
கிடைக்காமல்,
காலிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.
மூடி எதற்கும் இல்லை. மூடியை யார் திருப்பித் தருகிறார்கள்?

பாலாற்றுப் பாலத்தில்
பாட்டு ஓர் இடத்தில் கீழே இறங்கியது.
இறங்கிய இடத்திலிருந்து
முதுகுக்குப் பின்னால் ஏதோ எழுந்தது.
எஞ்சின் இல்லை. பேரிங் இல்லை.
முப்பத்துநாலு வாய்
ஒரே ஸ்வரத்தில், தாழ்வாக,
ஊம்ம்ம் என்று.
சீட்டு அதிர்ந்தது. விலா அதிர்ந்தது.
கியர் கம்பியின் குமிழ்
என் உள்ளங்கைக்குள் தேனீ போலக் கிடந்தது.

ஓட்டைப் பெட்டி எடுக்காமல் போனேனே என்று
இம்தியாஸுக்கு இன்னும் வருத்தம்.
முப்பத்துநாலு வைத்திருக்கிறேன் என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.

கீழே ஆறு, மணலும் கோரையுமாக,
எப்போதும் போல.
பாட்டு வேறு பக்கம் போனதும் கேன்கள் அடங்கின.
அந்த இடத்துக்கே
திருப்பி ஓட்டிப் போட்டேன்.
பாட்டு அங்கே வந்து சேர்வதற்குள்
பாலம் முடிந்திருந்தது,
பின்னால் ஒரு பஸ்காரன்
ஹாரனை எடுக்கவே இல்லை.