சோலைவரி

மதகோடு நகரசபை முடிந்துவிடும்.
இந்தப் பக்கக் கட்டில் மஞ்சள் பூச்சு,
அந்தப் பக்கம் பாசி.
குப்பை டிராக்டர் அதுவரை வந்து
பின்பக்கமாகவே திரும்பிப் போகும்.
செபமாலை அண்ணன் விசில் ஊதுவார்.
எங்கள் ஒழுங்கையிலும் பெண்கள்
பையோடு எட்டிப் பார்ப்பார்கள்,
பிறகு நினைவு வந்து உள்ளே போவார்கள்.

நான் பகலில் நகரசபையில் வேலை,
இரவில் பிரதேச சபையில் தூக்கம்.
அளவு நாடாவின் நுனியைப் பிடிப்பது என் உத்தியோகம்.
பாலையூற்றுப் பக்கம் எங்கள் ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை,
‘மதகுக்கு அங்கால’ என்பார்கள்.

மனு என் மேசையைத் தாண்டித்தான் போனது.
காரணம் என்ற கோட்டுக்கு மேலே
ஜெசிந்தா எழுதியிருந்தாள்:
ரியூசன் விட்டு மகள் வரும்வரை
மதகடியில் டோர்ச்சோடு நிற்கிறேன்.
நஸ்மியா எழுதியது இரண்டே சொல்:
பவுசர் வரவில்லை.
கதிர்காமத்தம்பி கையெழுத்து வைக்கவில்லை.
“விளக்குத் தருவான், பிறகு மதிலை அளப்பான்,
மதிலை அளந்தால் ஆட்டுக்கொட்டிலுக்கு
அனுமதி எங்கே என்பான்.”
அதில் ஒரு பிழையும் இல்லை.
அந்தக் கேள்விக்கான படிவம்
எங்கள் அலுமாரியில் கட்டுக்கட்டாய் இருக்கிறது.

மனு பதினொரு மாதம் படுத்துக் கிடந்தது.
எழுப்பியது மாரி.

கார்த்திகையில் எங்கள் கான் நிரம்பி
மதகுக்குள் நுழைந்து
நகரத்துக் கடைகளின் ஷட்டருக்குக் கீழே
ஒரு சாண் உயரத்துக்கு ஏறியது.
பம்பஸ், பிளாஸ்டிக் போத்தல், செத்த பெருச்சாளி,
எல்லாம் எங்களுடையவை.
அடுத்த வாரம் டெங்கு வார்ட்டில் ஆறு பேர்,
ஆறு பேரும் நகரத்து விலாசம்.
நுளம்பு மட்டும் எங்கள் ஊர்.

அப்போதுதான் ஒரு நகரம் ஏன்
தெருவொன்றைத் தன்னோடு சேர்க்கிறது என்று
கோப்பில் வாசிக்காமலே எனக்கு விளங்கியது.
நம் பாயில் ஒழுகும்வரைக்கும்
பக்கத்து வீட்டுக் கூரை
நமக்குத் தெரிவதில்லை.

சபையில் ஒருவர் எழும்பிச் சொன்னார்:
பாவப்பட்ட சனம்.
இன்னொருவர் குனிந்து
பாவப்பட்ட சனத்தின் வாக்குகளை
விரலில் கூட்டிக்கொண்டிருந்தார்.
கொழும்புக்குக் கடிதம் போனது,
கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.
கடைசியில் ஒரு திங்கட்கிழமை
நாடாவோடு என்னையே அனுப்பினார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
என் வீட்டடியில் நாடா ஒருமுறை முறுகியது.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
“இந்தப் படலை ரோட்டுக்குள்ள ஒன்றரை அடி நிக்குது,
ஆற்ற வீடு?” என்றார்.
நான் பெயரைச் சொன்னேன்.
எழுதினார்.
உள்ளே என் மனைவி
அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தையில் எட்டுக் கம்பங்களுக்கு விளக்கு வந்தது.
முதல் இரவு வெளிச்சத்தை நம்பி வந்தவை மான்கள்.
ஒன்றின் வாயில் லஞ்ச் சீற்.
அவை முன்பும் எல்லை கேட்டதில்லை,
இனியும் வரி கட்டப் போவதில்லை.
செபமாலை அண்ணன் இப்போது
எங்கள் பக்கம் வந்து ஊதுகிறார்,
விசிலுக்கு இரண்டு தரம் கூடுதல் மூச்சு,
சம்பளம் பழையது.

பங்குனியில் கடிதம் வந்தது: சோலைவரி.
சோலை எங்கே என்று தேடினோம்.
ஒரு முருங்கை, இரண்டு வேம்பு,
நஸ்மியாவின் மதிலில் மல்லிகை.
பைப் இன்னும் வரவில்லை,
அதற்கு வேறு திணைக்களம்.

கட்ட முதலில் வந்தவர் கதிர்காமத்தம்பி.
காசை எண்ணி வைத்தார்,
ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
நாலாய் மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு
குரலை உயர்த்தினார்:
“அஞ்சாம் கம்பம் மூண்டு நாளா எரியேல்ல.
எழுது.”

பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் இருந்தது இருட்டு.
இன்றைக்கு அது பழுது.

முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்தேன்.
பேனை எழுதவில்லை.
அவருடைய பேனையைக் கேட்டேன்.
தந்தார், மூடியைக்
கையிலேயே வைத்துக்கொண்டு.