வளைவுக் கணக்கு

இரவு இரண்டே கால்.
ஜாலான் அம்பாங்கில் இருபத்து மூன்றாம் மாடி.
எனக்கு மூன்று திரைகள், ஆறிப்போன மைலோ.
சம்பளம் தருவது வளைவுகளை எண்ணுவதற்கு.

சபாவுக்கு அப்பால் ஒரு கப்பல்.
அதன் உருளையில் ஐயாயிரம் மீட்டர் எஃகுக் குழாய்,
இரண்டு அங்குல விட்டம், மூட்டே இல்லாததுபோல் ஒரே நீளம்.
தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சுற்றி வைப்பார்களே, அப்படி.
ரப்பர் மன்னித்துவிடும்.
இது எழுதி வைத்துக்கொள்ளும்.

உருளையை விட்டு நிமிரும்போது ஒன்று.
வாத்துக்கழுத்தில் ஏறி வளைகையில் இரண்டு.
கீழே பல்சங்கிலி பிடித்து நேராக்கும்போது மூன்று.
திரும்பி வரும்போது இதே மூன்று, தலைகீழாக.
கிணற்றை ஒரு முறை பார்த்து வர ஆறு.
உள்ளே அழுத்தம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வட்டி உண்டு.

கடல் ஆயிரத்து நூறு மீட்டர்.
தரைக்கும் கீழே முந்நூற்று அறுபதில் மெழுகு;
அடிக்கடல் குளிரில், குளிர்பெட்டியில் மறந்த நெய்ப் புட்டி மாதிரி
கிணற்றின் தொண்டையில் உறைந்து நிற்கிறது.
கும்பிலாய் சூடான கரைப்பானைப் பீய்ச்சுகிறார்,
இருபது மீட்டர் கீழே, இருபது மீட்டர் மேலே,
கீழே, மேலே,
பல்லிடுக்கில் சிக்கிய பாக்கை நாக்கு துழாவுவதுபோல.

அவருக்குத் தெரிவது மெழுகு.
எனக்குத் தெரிவது
அதே இருபது மீட்டர் குழாய் வாத்துக்கழுத்தில்
பதினான்கு முறை வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து.
ஐம்பத்தெட்டு விழுக்காடு. அறுபத்து மூன்று. எழுபத்தொன்று.
எண்பதில் நிறுத்த வேண்டும் என்பது விதி.
பிறகுதான் பழைய பதிவேட்டைத் திறந்தேன்.
அந்த இருபது மீட்டருக்குள் ஒரு பற்றவைப்பு.
மூட்டே இல்லாததுபோல் என்றேன் அல்லவா,
இருந்தது.
பற்றவைத்த இடத்துக்கு ஆயுள் பாதி.

தொலைபேசியை எடுத்தேன்.
"செக்காலி லாகி, மிஸ். இன்னும் ஒரே தடவை.
இளகிவிட்டது, கையில் தெரிகிறது."
அவருடையது பதினெட்டு வருடக் கை.
என்னுடையது ஒரு சூத்திரம்.
வெளியே எடுங்கள், என்றேன்.

சியாவ் எழுந்து வந்தார்,
கப்பல் வாடகையை மணிக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருப்பவர்.
"உடையுமா?"
தெரியாது.
"அப்போ, உடையாதா?"
அதுவும் தெரியாது.
கப்பலின் மூச்சு திரையில் பச்சைக் கோடாக ஏறி இறங்கியது.
நான் எச்சில் விழுங்கிய சத்தம்
மைக் வழியே சபாவரை போயிருக்கும்.

நான்கு ஐம்பதுக்குக் குழாய் முழுதும் உருளையில்.
கிணறு அடைத்தது அடைத்தபடி.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
மூன்று விரல் அகலம்.

முதல் மோனோரயில்.
ஹங் துவா வளைவில் பெட்டி சாய்ந்தபோது
என்னையறியாமல்: ஒன்று.
எதிரே தூங்கிய காவலாளியின் கழுத்து மடிந்து நிமிர்ந்தது: இரண்டு.
துன் சம்பந்தனில் இறங்குகையில் செருப்பு வார் அவிழ்ந்தது.
குனியாமல் இழுத்துக்கொண்டே நடந்தேன்.

மதியம் கும்பிலாயிடமிருந்து ஒரு படம்.
வெட்டி எடுத்த துண்டு, கப்பல் தளத்தில்,
ஓரத்தில் யாருடைய பூட்ஸோ.
"விரிசல் ஒன்றும் தெரியவில்லை, மிஸ்."
கோபமா ஆறுதலா, எழுத்தில் பிடிபடவில்லை.
இரண்டு விரலால் படத்தை அகட்டினேன்.
பற்றவைப்பின் தழும்பு.
இன்னும் அகட்டினேன்.
எஃகு போய்
சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் இருந்தன.