ஏழாம் பத்தி

மோர்னிங்சைட் பேருந்தின் ஜன்னலில்
மூச்சு விட்டு, அந்த ஆவியில் விரலால் வரைவேன்.
ஒரு நாள் நரி. ஒரு நாள்
முன் இருக்கையில் தூங்கிய ஆளின் மூக்கு.
லோறன்ஸ் சந்தி வருமுன் வழிந்துவிடும்.
முப்பது விநாடி. பிறகு வெறும் தண்ணீர்.
நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள்,
ஏனென்று எனக்கும் தெரியாது.

கையுறைக் கம்பனி ஒன்று எழுதியது:
நானூறு டொலர், இரண்டு சோடி கையுறை,
பதினொரு பக்கம்.

ஆர்த்திகா பகீரதன்,
இனிமேல் 'படைப்பாளி' எனப்படுபவர்.
கொஞ்சம் கூசியது. பிடித்தும் இருந்தது.
அவர்கள் தங்களுக்கு வைத்த சொல்
ஆங்கிலத்தில் ஒன்றுதான்,
நாமா நாங்களா என்று அது சொல்லாது.
ஏழாம் பத்தியில் சொன்னது:
படம், குரல், முகம், பெயர்,
என்றென்றைக்கும்,
இனிமேல் கண்டுபிடிக்கப்போகும் கருவிகளிலும்,
பிரபஞ்சம் முழுவதும்.
நாங்கள்தான். நான் அதில் இல்லை.

பிரபஞ்சம்!
அடுத்த தரிப்பு வரைக்கும் நிற்காத நரிக்கு.

எட்டில், இரண்டு வருடம்
வேறு கையுறையோடு என்னைக் காணக்கூடாது.
ஸ்காபறோவில், மார்கழியில்.
ஒன்பதில், அவர்களுக்குத் திருப்தி என்றால்
அறுபது நாளில் காசு.
திருப்தி என்றால் என்ன,
தேடித் தேடிப் பார்த்தேன், எழுதவில்லை.

எனக்குப் பதினாறு.
என் கையெழுத்து மட்டும் என்றால்
நாளைக்கே நான் பின்வாங்கக்கூடும்,
சட்டம் என் வயதுக்குக் கொஞ்சம் இளகும்.
அது அவர்களுக்கும் தெரியும்.
அதனால்தான் கடைசிப் பக்கத்தில்
அம்மாவுக்கு ஒரு கோடு.

அம்மா இரவு வேலை முடிந்து வந்தா,
மணிக்கட்டில் பேக்கரி மாவு.
நீச்சல் வகுப்பு, பல் வைத்தியர், மிருகக்காட்சிசாலை:
நாலாம் வகுப்பிலிருந்து
நான் விரல் வைத்த இடத்தில் அவ ஒப்பம் வைப்பா.
"எங்க, இஞ்சயோ?"
பேனையின் மூடி பல்லுக்கிடையில்.
நரி வரைகிற அதே விரல்
கோட்டின் மேல் இருந்தது.
எடுத்தேன்.
"பொறுங்கோ அம்மா."

அன்றிரவு எழுதினேன்:
ஒரு வருடம். கனடா மட்டும்.
எட்டை வெட்டுங்கள். திருப்தியை விளக்குங்கள்.
கடன் கேட்கப் போனவள் மாதிரிக் காது சுட்டது.

ஐந்து நாள் சத்தமில்லை.
ஆறாம் நாள் வந்தது:
பன்னிரண்டு மாதம், கனடா, சம்மதம்.
முதல் வரைவை ஏற்றால் திருப்தி.
எட்டு மாறாது. யோசித்துச் சொல்லவும்.

யோசிக்கிறேன்.
வெறும் கை, ஜன்னல் பனிக்கட்டி மாதிரி.
இன்று ஒரு நண்டு வரைந்தேன்,
ஒரு கால் கூடிப்போனது.
ஃபோனை எடுக்கவில்லை.
எலஸ்மியர் வரைக்கும் இருந்தது.