ஏற்கத்தக்க பிழை

லாரி எடைமேடைகளைச் சோதிப்பது என் வேலை.
ஆயிரம் பவுண்டு இரும்புக் கட்டிகள் இருபது,
அரசு முத்திரையோடு என் வண்டியில்.
அறுவடைக்கு முந்தைய இந்த மூன்று வாரமும்
நெப்ராஸ்காவின் சோளக் கிடங்குகள்தான் எனக்கு வீடு.

"பௌதிகம் படிச்சவளாமே" என்கிறார் லைல் ஹவ்லிசெக்,
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.
"அதுக்கு எவ்வளவு ஆச்சு?"
இந்தப் பக்கத்தில் எதையும் அப்படித்தான் கேட்பார்கள்,
டிராக்டரை, கன்றுக்குட்டியை,
மாமியாரின் புது இடுப்பெலும்பை.

அறுபத்தோராயிரம் டாலர் வாங்கினேன்.
"கட்டினது?"
ஐம்பத்து நாலாயிரம்.
"அப்போ பாக்கி ஏழு."
ஐம்பத்தெட்டு.

அவர் துப்புவதை நிறுத்தினார்.
வட்டி குட்டி போடும் என்று அவருக்கும் தெரியும்,
விதைக் கடன் வாங்காத குடியானவன் இங்கே யார்?
ஆனால் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு உண்டு.

பதினெட்டு வயதில் கணக்குப் போட்டுத்தான் போனேன்.
கல்லூரிக் கையேட்டில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து
சிரிக்கும் பெண்ணுக்குக் கீழே ஒரு எண்:
பௌதிகப் பட்டதாரியின் சராசரி ஆண்டு வருமானம்.
அதை நாற்பதால் பெருக்கினேன்,
கடனைக் கழித்தேன்,
விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
அம்மா இரவுப் பணிக்குக் கிளம்பும் அவசரத்தில்
ஜாமீன் கையெழுத்துப் போட்டாள்.
முதல் பேனா எழுதவில்லை. இன்னொன்று தேடினோம்.

பெட்டிக்குள் ஒரு துகள், இரண்டாம் நிலையில்:
மூன்றாம் ஆண்டில்தான் அந்தப் பாடம் வந்தது.
அது இடப்பக்கம் இருக்கலாம், வலப்பக்கம் இருக்கலாம்,
நட்டநடுவில் மட்டும் ஒருபோதும் இருக்காது.
சராசரி பார்த்தால்
நட்டநடு.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்செல் சிகாகோவில்
இமைப்பதற்குள் எதையோ வாங்கி எதையோ விற்கிறான்.
பியட்ரா பள்ளிக்கூடத்தில்;
மின்சுற்றுப் பாடத்துக்குச் சொந்தக் காசில் பேட்டரி வாங்குகிறாள்.
டுவேன் கடைசிப் பருவத்தில் நின்றுவிட்டான்,
பட்டம் இல்லை, கடன் முழுசாக இருக்கிறது,
எரிவாயு லாரி ஓட்டுகிறான்.
எங்கள் நால்வரையும் கூட்டி வகுத்தால்
நல்ல சம்பளம்.
அந்த எண்ணில் குடியிருப்பவர் யாருமில்லை.

கட்டிகளை ஒவ்வொன்றாக மேடையில் இறக்குகிறேன்.
பத்தாயிரம். பதினைந்து. இருபது.
திரையில் கடைசி இலக்கம் துடிக்கிறது,
இருபது பவுண்டு ஏறுகிறது, இறங்குகிறது.
"பழுதா?" பதறுகிறார் லைல்.
காற்று, என்கிறேன்.
மேற்கிலிருந்து வந்து கட்டிகளில் மோதி
மேடையை ஒரு கை அழுத்திப் பார்க்கிறது.
"காத்துக்குக் கூட விலை போட்டிருப்பேனா
இத்தனை வருஷமா?"
கொஞ்சம், என்கிறேன். சிரித்துவிட்டார்.

எந்தப் பத்தியில் எழுதுவதென்று
இன்றுவரை தெரியாத வரவு ஒன்று உண்டு.
பிப்ரவரி, ஆய்வகம், இரவு இரண்டு மணி.
மின்னழுத்தத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப
விழுந்துகொண்டிருந்த எண்ணெய்த் துளி
நின்றது.
தூசியளவு. அந்தரத்தில்.
பூமி முழுவதும் கீழே இழுக்க,
என் இரண்டு விரல்கள் மேலே இழுக்க.
பியட்ராவைக் கூப்பிட வாய் வரவில்லை.
அது வட்டிக்கு முந்தைய விலையா,
பிந்தைய விலையா?

எடைமேடைக்குச் சட்டம் கருணை வைத்திருக்கிறது.
இருபதாயிரத்தில் நாற்பது பவுண்டு முன்னே பின்னே போகலாம்,
அதன் பெயர் ஏற்கத்தக்க பிழை.
கடன் கம்பெனிக்கு அந்தச் சொல் தெரியாது.
சென்ற மாதம் பதினோரு சென்ட் குறைந்ததற்குக் கடிதம்,
அதைவிட விலை கூடிய தபால்தலை ஒட்டி.

காற்று ஓயும்வரை காத்திருந்து
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
பன்னிரண்டு பவுண்டு கூடுதல். தேறியது.
பச்சை வில்லையை ஒட்டி
தேதியும் என் பெயரும் எழுதினேன்: டெஸ்ஸா குபிசெக்.

லைல் ஒரு கை விதை நீட்டினார்.
"மகனுக்கு அந்தக் காலேஜில் இடம் கிடைச்சிருக்கு.
பௌதிகம்தானாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் கட்டிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தேன்.
இருபது இருக்கின்றன. நேரமாகும்.