துரியன், ஒன்றே முக்கால் கிலோ

யானைக்கல் பழக்கடைக்காரர்
குரலைத் தாழ்த்தித்தான் விலை சொன்னார்.
குற்றாலத்து மலையிலிருந்து ராத்திரிதான் இறங்கியதாம்.
கிலோ எண்ணூறு.
"விசேஷத்துக்குத்தான?" என்றவர்
பதிலுக்குக் காத்திராமல்
என் வயிற்றைப் பார்த்தார்.
"வெறும் வயிறு. ரெண்டு பேரும் சாப்பிடணும்.
ஒரு சுளைகூட வெளியாளுக்குக் குடுக்கப்படாது."
சோணைமுத்து தலையாட்டிக்கொண்டே
மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை
இரண்டு தடவை எண்ணினான்.

நாலு சுற்று தினசரித்தாள்,
அதற்குமேல் மஞ்சப்பை,
அதற்குமேல் ஜவுளிக்கடைக் கட்டைப்பை.
எதுவும் உதவவில்லை.
ஆனையூர் பஸ்ஸில் ஏறிய இரண்டாவது நிமிடம்
முன்சீட்டுக்காரர் குனிந்து
செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.
அவரைப் பார்த்து அடுத்தவர்.
பிறகு அந்த வரிசையே
காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டது.
நானும் பார்த்தேன்,
சந்தேகம் வராமலிருக்க.

"எவன்யா செத்த எலியத் தூக்கிட்டு ஏறுனது?"
கண்டக்டர் பின்பக்கமிருந்து கத்தினார்.
பாலத்தில் போய்க்கொண்டிருந்தது பஸ்.
"ஆத்துத் தண்ணி நாத்தம்ணே" என்றான் சோணைமுத்து
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.
எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.
பாவம் வைகை,
எங்கள் பழியையும் சேர்த்துச் சுமந்தது.

ஆறு போர்ஷன், ஒரே குழாய்,
இடையில் ஒற்றைச் செங்கல் சுவர்.
கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி,
கோணிச்சாக்கால் பிடித்துக்கொண்டு
அரிவாளால் அவன் ஒரு போடு போட்டான்.

அழுகின வெங்காயம்,
கோடை விடுமுறைக்குப் பின் திறந்த பள்ளிக்கூடத்துக் கழிப்பறை.
அதற்கும் அடியில் எங்கேயோ
சுண்டக் காய்ச்சிய பால்.

"கேஸு! கேஸு! அடுப்ப அணைங்கப்பா!"
யாரோ மெயின் சுவிட்சைப் பிடுங்கிவிட்டார்கள்.
இருட்டில் ஆறு குடும்பமும் முற்றத்தில்.
ஒச்சப்பன் மட்டும் மூக்கை உயர்த்தி இழுத்தார்.
"ஜோகூர்ல எட்டு வருசம் இருந்திருக்கேன்.
இது துரியன்டா."

அவ்வளவுதான்.
யார் வீட்டிலிருந்து என்று கேட்கவில்லை,
எதற்கு என்றும் கேட்கவில்லை.
ஒருவர் இருமிக்கொண்டார்,
ஒருத்தி பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள்,
கரண்ட் திரும்ப வந்தது.
பழத்தைவிட
அந்த மரியாதைதான் எனக்குக் குமட்டியது.

சோணைமுத்து கண்ணை மூடிக்கொண்டு
கசாயம்போல ஒரு சுளையை உள்ளே தள்ளி
அதே வேகத்தில் தொட்டிக்கு ஓடினான்.
நான் மூக்கைப் பிடித்தபடி கடித்தேன்.
பிறகு பிடித்த கையை எடுத்துவிட்டேன்.
இரண்டாவது சுளை.
மூன்றாவது.
விரலிடுக்கில் வழிந்ததையும்.
சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது:
ஏழு வருடமாக மருந்தென்று விழுங்கியதில்
ருசித்தது இது ஒன்றுதான்.
அரை நிமிடத்துக்கு
எதற்காகத் தின்கிறேன் என்பதே மறந்துபோனது.
"என்னடி இது" என்று வாயைத் துடைத்துக்கொண்டு
அவன் சிரிக்கத் தொடங்கினான்.

ஒன்பதரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
கடைசி போர்ஷன் இன்னாசியம்மா.
குழாயடிச் சண்டைக்குப் பின்
பத்து மாதமாகப் பேச்சில்லை.
கையில் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா.
என்னைப் பார்க்காமல்
நிலைப்படியைப் பார்த்துச் சொன்னாள்,
"மேலூர்ல குடுத்தேனே, மூத்தவ.
அவளுக்கு."

பழக்கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.
சோணைமுத்துவைப் பார்த்தேன்.
அவன் தொட்டிப்பக்கம் திரும்பி
கழுவின கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.
மிச்சமிருந்தது ஐந்து.
பெரிதாகப் பார்த்து மூன்றை எடுத்து வைத்தேன்.
அவள் மூடியை அழுத்தினாள், முகர்ந்தாள்,
இன்னும் அழுத்தினாள்.
"பஸ்ல நாறாம கொண்டுபோக முடியுமாடி?"

"முடியாதுக்கா.
எல்லாரும் செருப்பத்தான் பாப்பாங்க.
நீங்களும் குனிஞ்சு பாத்துக்கங்க."